ஒரு டப்பா ஜரிகை

ஆரணியை விட்டே போய்விடுவது என்று முடிவு செய்தேன். தறியைப் பிரித்து விற்றுவிட்டு, செய்யாறில் ஒரு காயலாங்கடை வைப்பது. பெயர்ப்பலகையைக்கூட மனதுக்குள் எழுதி மாட்டிவிட்டேன்: ‘வேணுகோபால் பழைய இரும்புக் கடை.’

சும்மா வந்த முடிவில்லை. அந்த வருஷம் பட்டுநூல் விலை எகிறிப்போய், முன்பணம் கட்டுகிறவனுக்குத்தான் தறியில் ஏற்ற நூல் பாவு என்று பட்டு முதலாளி சொல்லிவிட்டார். பாவு இல்லாத நெசவாளி பாவம். ஐந்து மாதமாகத் தறி நின்றது. தறி நின்றதும் நான் தறிகெட்டுப் போனேன். எதிர்வீட்டு அய்யாக்கண்ணு குடும்பத்தோடு பெங்களூருக்கு ஓட்டல் வேலைக்குப் போய்விட்டான். அவன் வீட்டுக் கதவில் தொங்கும் பூட்டைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பல் தேய்ப்பேன். பித்தளைப் பூட்டு. எடை முக்கால் கிலோ தேறும். அடுத்தவன் துக்கத்தை எடை போடுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஏனென்றால் நான் அப்போது குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

தெருவே சாப்பிட உட்காரும் மத்தியான நேரத்தில் கோணிப்பையோடு தெருக்கோடிக் குப்பைமேட்டுக்குப் போவேன். மனைவி லீலாவிடம் வேலை தேடப் போவதாகச் சொன்னேன். முதல் நாளே ஓட்டை அண்டாவோடு திரும்பியதால் அந்தப் பொய் நிற்கவில்லை.

“இன்னாங்க இது?”

“அண்டா.”

“அடி எங்க?”

“அடி மட்டும்தான் இல்ல. மத்ததெல்லாம் இருக்குது.”

“நம்ம வூடும் அப்படித்தான். அரிசி மட்டும்தான் இல்ல.”

அடுத்தடுத்த நாட்களில் சைக்கிள் ரிம், ஸ்டவ் பர்னர், குடைக்கம்பி, தாழ்ப்பாள் என்று வீடு நிரம்பியது. வயிறுதான் நிரம்பவில்லை. படுக்க இடமில்லாமல் லீலா தறியோரம் சுருண்டு படுத்தாள். புரண்டால் ஏதாவது ஒன்று கடகடவென்று உருளும்.

ஆனால் என் நிஜமான புதையல் இரும்பு இல்லை. ஜரிகை. நெசவாளர் வீடுகளில் கூட்டித் தள்ளும் குப்பையில் அறுந்த ஜரிகைத் துணுக்குகள் கிடக்கும். கூந்தலில் ஈர் எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். அசல் ஜரிகை என்றால் உள்ளே வெள்ளி. எரித்து உருக்கினால் கட்டியாக நிற்கும். நாலு மாதமாகப் பொறுக்கி, ஒரு பால்பவுடர் டப்பாவில் அடைத்து, தறிக்குழிக்குள் சாக்குக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். நின்றுபோன தறியின் குழிக்குள் யார் இறங்கப்போகிறார்கள்? நான் மட்டும் தினமும் எடுத்து, கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு வைப்பேன். அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

டப்பா நிறைந்த அன்று லீலாவிடம் விஷயத்தை உடைத்தேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தறிய வித்துடலாம்னு இருக்கேன். செய்யாறுக்குப் போய்க் கடை போட்டுடலாம்.”

கை நின்றது. “அய்யாக்கண்ணு பொண்டாட்டி கடுதாசி போட்டிருக்கா. எச்சில் தட்டு கழுவிகினு இருக்காளாம்.”

“நாம கடை மொதலாளிடி!”

“கடைக்கு மொதலு?”

“இருக்குது.”

“எங்க?”

“அது உனக்கு வேணாம்.”

“சரிங்க,” என்றாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் இத்தனை ஜல்தியில் ‘சரி’ சொன்னதே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை டப்பாவை இடுப்பு வேட்டியில் மறைத்துக்கொண்டு நகை செய்யும் பத்தர் பலராமனிடம் போனேன். அவர் ஜரிகையை எரித்து, சாம்பலை மூசைக் கிண்ணத்தில் போட்டு, வெங்காரம் தூவி ஊதினார். ஆறியதும் கவிழ்த்தார். கறுத்துச் சிவந்த கட்டி ஒன்று விழுந்தது.

“வேணு, இது செம்பு.”

“வெள்ளி?”

“பேருக்குக்கூட இல்ல. அத்தனையும் போலி ஜரிகை.”

“நல்லாப் பாருங்க பத்தரே!”

“நான் பாத்தா செம்பு வெள்ளியாயிடுமா?”

நாலு மாதம் வெயிலில் குனிந்த முதுகு அப்போதுதான் வலித்தது. கடைவீதியில் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன். அரிசி இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? பெங்களூரில் தட்டு கழுவ இன்னும் ஒரு ஆள் வேண்டுமா என்று அய்யாக்கண்ணுவுக்கு எழுதிக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே வாசல் ஏறினேன்.

உள்ளே அண்டா இல்லை. ரிம் இல்லை. ஒரு ஆணிகூட இல்லை. வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தறியில் அரக்குச் சிவப்பில் புதுப் பாவு. பாவு பிணைக்கும் துரைக்கண்ணு உட்கார்ந்து இழை இழையாக முறுக்கிக்கொண்டிருந்தார். லீலா அவருக்கு டீ ஆற்றினாள்.

“என் சாமானெல்லாம் எங்கடி?”

“காயலாங்கடைக்காரன் வண்டியோட வந்தான். ஏத்தி அனுப்பிட்டேன்.”

“பாவு?”

“மொதலாளிகிட்ட முன்பணம் கட்டினேன். ஜரிகை வித்த காசு. பத்தலைன்னு இன்னிக்கு இரும்பையும் போட்டேன்.”

“ஜரிகையா? நான்தான் ஒளிச்சு...”

“செவ்வாய் வெள்ளி தறிக்குழியில வெளக்கு வெக்கிறவ யாரு? வாரா வாரம் நல்லத எடுத்துட்டு, கன்னியம்மா வேலை செய்யுற பவர்லூம்ல அறுத்துப்போட்ட போலிய ரொப்பி வெச்சேன். தூக்கித் தூக்கிப் பாப்பீங்களே, எடை கொறையாம பாத்துகினேன்.”

துரைக்கண்ணு முதுகைத் திருப்பிக்கொண்டார்; தோள் குலுங்கியது. இருமலாகவும் இருக்கலாம்.

“என்கிட்ட கேட்டிருக்கலாமே லீலா.”

“கேட்டிருந்தா செய்யாறுக்குப் போயிருப்போம்.” ஆற்றிய டீயைத் துரைக்கண்ணுவிடம் நீட்டினாள். “பாவு எம் பேருலதான் வாங்கினேன். உங்க பேரச் சொன்னா, ‘அவரு குப்பையில சுத்திகினு இருக்காராமே’ன்னாரு மொதலாளி. அவர ஒழுங்கா நெய்ய வெக்கிறது என் பொறுப்புன்னு சொல்லி வாங்கியாந்தேன்.”

என் ஊர், என் தெரு, என் தறி. என் பேருக்கு மட்டும் அங்கே மதிப்பில்லாமல் போயிருந்தது.

மறுநாள் காலை குழிக்குள் இறங்கினேன். ஐந்து மாதம் கழித்துத் தறியில் நாடா இடமும் வலமும் ஓடியது. ஒரு சாண் நெய்திருப்பேன். தொண்டை வறண்டு எழுந்தேன்.

“எங்க எழுந்துட்டீங்க?” அடுப்படியிலிருந்து குரல்.

“தண்ணி குடிக்க.”

“கேட்டுட்டு எழுந்திருங்க.”