ஞானோபதேசம் ஜெயித்த விவரம் மச்சானுக்குத் தெரிவிப்பது

இராஜபாளையம்,
ஞாயிறு, பூசை முடிந்த கையோடு.

மரியாதைக்குரிய மச்சான் இருதயம் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய ஓய்வுபெற்ற ஹவில்தார் சூசை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் சுகம். தங்களுக்கு ஆண்டவர் கிடையாது என்பதால் தேவதானத்தில் இருக்கும் தங்கள் சுகத்துக்கும் சேர்த்து நானே வேண்டிக்கொண்டேன். தங்கள் தென்னைகளுக்கு வெள்ளை ஈ வராதிருக்கவும் ஒரு செபம் சொல்லியிருக்கிறேன், பலன் தெரிந்தால் தெரிவிக்கவும்.

போனில் சொல்லலாமே என்றாள் உங்கள் தங்கை. போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். இது நடுவில் யாரும் பேசக்கூடாத விஷயம். நான் ஜெயித்துவிட்டேன் மச்சான்!

எதில் என்று கேட்பீர்கள். என் மகன் ஜெர்வின் கோவிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று, என் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து என் வீட்டு பிரியாணியைத் தின்றுகொண்டே ஊரார் முன்னால் என்ன சொன்னீர்கள்? "தொட்டதுக்கெல்லாம் பாவம் பாவம்னு பயங்காட்டி வளத்தா, இந்தப் பய நாளைக்கு நாலு பேர் முன்னால நிமிந்து பேச மாட்டான், எழுதி வச்சுக்கிடுங்க மாப்பிள்ளை." எழுதி வைக்கவில்லை. நெஞ்சில் வைத்திருந்தேன். நான் விட்டேனா? சாயங்காலம் செபமாலை, ஞாயிறு ஞானோபதேச வகுப்பு, மாதம் தவறாமல் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். செய்த தப்பைத் தன் வாயால் சொல்லப் பழகிய பிள்ளை கெட்டுப்போகாது என்பது என் கட்சி. இப்போது கேளுங்கள்.

ஜெர்வினுக்கு முப்பத்தொன்று ஆகிறது. வந்த சம்பந்தமெல்லாம் அவன் வழுக்கையைப் பார்த்ததும் தட்டிப்போனது உங்களுக்குத் தெரியும். இதுவும் போனால் பையன் மனசு விட்டுப்போகும் என்று உங்கள் தங்கை சாப்பிடாமல் கிடந்தாள். எனவே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணைப் பார்க்கப் போவதற்கு முன் நான் மதுரைக்குப் போய் நல்ல டோப்பாவாக ஒன்று வாங்கி வந்தேன், பயோடேட்டாவில் மில் ஷிப்ட் சூப்பர்வைசர் என்று இருந்ததை உதவி மேனேஜர் என்று உயர்த்தினேன். பெண்ணின் அப்பா ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர், பார்வையிலேயே ஆளைக் கைது பண்ணுகிறவர், ஆகவே காரிலேயே பையனிடம், "ஏலே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, அதையும் சுருக்கமாச் சொல்லு" என்று உத்தரவு போட்டேன்.

போனோம். உட்கார்ந்தோம். பால்கோவா வந்தது. பெண் எப்சி வந்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது, லட்சணமான பிள்ளை. சப்-இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு, எல்லாரும் ஒப்புக்குக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?" இல்லை என்று ஒரு வார்த்தை! அம்புட்டுத்தானே மச்சான்!

"உண்டு சார்" என்றான் உங்கள் மருமகன். "காலேஜ்ல சிகரெட் குடிச்சேன், இப்ப இல்ல. ஹெல்மெட் போடாம ரெண்டு தடவ மாட்டிருக்கேன். அப்பா எழுதுன மாதிரி நான் மேனேஜர் கிடையாது, சூப்பர்வைசர்தான். பொறவு, இது என் முடி இல்ல சார்." சொல்லிவிட்டு டோப்பாவைக் கழற்றி டீப்பாய் மேல், பால்கோவாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

உங்கள் தங்கை "மாதாவே" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாசலில் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். கையை ஓங்கப் போகிறார் என்று நினைத்தேன், அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் சர்வீஸ் பூரா பார்த்துட்டேன் தம்பி. அடிக்காம ஒருத்தன் உண்மை பேசி இன்னைக்குத்தான் பாக்கேன்!"

அத்தோடு முடிந்ததா? எப்சி வெளியே வந்தது. "அப்பா, அவிய அம்புட்டையும் சொல்லிட்டாவ, நம்ம மட்டும் மறைக்கலாமா? இந்தக் கோவா நான் கிண்டுனதில்ல, கடையில வாங்குனது. எனக்கு இருபத்தாறு இல்ல, இருபத்தொம்பது. சமையலும் வராது" என்றது. சப்-இன்ஸ்பெக்டர் மீசை அப்படியே இறங்கியது. ஜெர்வின், "எனக்குச் சமைக்க வரும்" என்றான். அந்தப் பிள்ளை வழுக்கைத் தலையைப் பார்த்துச் சிரித்தது பாருங்கள், அங்கேயே கல்யாணம் முடிந்துவிட்டது! ஈஸ்டர் கழிந்ததும் தேதி. மூன்று ஞாயிறும் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள், மூன்று ஞாயிறும் நீங்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இது என் உத்தரவு.

இப்போது சொல்லுங்கள் மச்சான், நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசினானா இல்லையா? எட்டு வயதில் மண்டியிட்டுப் பாவத்தைச் சொல்லப் பழகியவனுக்கு டோப்பாவைச் சொல்ல என்ன கஷ்டம்? பக்தியில் வளர்ந்த பிள்ளை சோடை போகுமா? உங்கள் பகுத்தறிவைத் தென்னந்தோப்பில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடவும். அக்காவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர். உங்களுக்கும் உண்டு, வேண்டாம் என்றாலும் வந்து சேரும்.

இப்படிக்கு,
வெற்றிபெற்ற மாப்பிள்ளை,
சூசை

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன், பெருமைக்காக ஜெர்வினிடம் வாசிக்கக் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அப்பா, பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கிட்ட நான் உண்மையே சொன்னதில்ல. பொய் சொன்னேன், தங்கச்சியக் கிள்ளுனேன், செபத்துல பராக்குப் பாத்தேன். சின்னப் பிள்ளையில இருந்து இதே மூணு பாவந்தான், மனப்பாடம்." பிறகு உண்மை பேச எங்கேடா படித்தாய் என்றேன். "லீவுக்கு மாமா வீட்டுக்குப் போனம்லா, அப்ப தோட்டத்து மோட்டார நான்தான் போட்டு எரிச்சேன். நான்தான்னு போய்ச் சொன்னேன். மாமா திட்டல. 'வந்து சொன்னியே, அது போதும்'னு சேத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடுத்தாவ. நம்ம வீட்டுல உண்மையச் சொன்னா பெல்ட்டு. சாமியார்ட்டச் சொன்னா மூணு அருள்நிறை மந்திரம். மாமாட்டச் சொன்னா பரோட்டா. நீங்களே சொல்லுங்க, உண்மை எங்க வரும்?"

அந்த மோட்டார் விஷயத்தை இத்தனை வருஷமாக நீங்கள் என்னிடம் மூச்சுவிடவில்லை, ஏன் என்று இப்போது புரிகிறது. அது பட்டாளத்து பெல்ட் மச்சான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், பையன் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்பத்தான் வேண்டும் என்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் நான் வழக்கமாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற நேரம். இந்தச் சனிக்கிழமை கோவிலுக்குப் போகவில்லை, தேவதானத்துக்கு வாரேன். பரோட்டா வாங்கி வையுங்கள்.