முகவரிக்கு முளைத்த வால்

திருமானூர்,
ஆனி மாதம், 2006.

மீன்சுருட்டி உயர்திரு முருகையன் சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு, திருமானூர் குழந்தைவேல் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி ஜெகதாம்பாள், மகள் கவிதா, என் தங்கை கலியம்மாள் எல்லோரும் கல்லங்குறிச்சிப் பெருமாள் புண்ணியத்தில் சுகம். உங்கள் சுகத்தையும் விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். கோபம் வேறு, முறை வேறு.

நேற்று உங்கள் மைத்துனர் சின்னதுரை வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். ஜெகதாம்பாள் நீட்டிய மோரைக் கூடத் தொடவில்லை. "அண்ணே, மச்சான் ரொம்பக் கோவமா இருக்காங்க. மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி எழுதிருங்க. இல்லாட்டி தட்டு மாத்துனதோட நிறுத்திக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததும் மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார், வெயில் அப்படி. ஆக, நீங்கள் கேட்ட கடிதம் இதுதான். மன்னிப்பு மட்டும் இதில் இல்லை. ஆவணியில் முகூர்த்தம் வைத்துக்கொண்டு, பத்திரிகைக்கு மஞ்சள் தடவ வேண்டிய நேரத்தில், ஒரு வாலுக்காகக் கல்யாணத்தை நிறுத்துகிறேன் என்கிறீர்களே, அந்த வால் எப்படி முளைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

ஆரம்பித்தது யார்? உங்கள் இளைய பிள்ளை சரத்குமார். நிச்சயதார்த்தப் பந்தியில் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "மாமா, அண்ணி பேரு நெட்டுல வருமா? எங்கண்ணன் கம்பெனி வருதே, அட்ரஸ் மெயில்ல அனுப்பினேனே, பாத்தீங்கல்ல?" என்று நாலு பேர் நடுவில் கேட்டான். பார்த்தேன். அச்சடித்து வைத்தும் இருக்கிறேன். மாப்பிள்ளை கம்பெனி வரும்போது என் மகள் பெயர் வராதா? பல்கலைக்கழகத் தரவரிசையில் வேதியியலில் இடம் பிடித்தவள் ஐயா அவள்! மறுநாளே பஸ் ஏறி அரியலூர் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் திருமுருகன் என்கிற பையன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். அங்கே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தேடினேன். வந்தது என் மகள் பெயர், முதல் வரியிலேயே. கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மேலே நீளமான முகவரி ஒன்று இருந்தது. அதை அப்படியே உங்களுக்கு அனுப்ப நினைத்தேன். "மெயில் பண்ணிடறேன் சார்" என்றான் திருமுருகன். வேண்டாம் என்றேன். காலமெல்லாம் தபால்காரனாக இருந்தவன் கையால் எழுதாமல் எதை அனுப்புவான்? இன்லாண்டு லெட்டர் ஒன்றை எடுத்துக் கேள்விக்குறி, சமக்குறி, கூட்டல் குறி, ஆங்கிலத்தில் 'மற்றும்' என்பதற்குப் போடுகிற அந்த ஜிலேபி, எல்லாவற்றையும், என்ன சொல் என்று படிக்காமல், எழுத்தெழுத்தாக விடாமல் எழுதினேன். மடிக்கிற ஓரம் வரைக்கும் போயிற்று. "சார், பேருக்குப் பின்னாடி தொங்குற அந்த வாலெல்லாம் வேணாம் சார், வெட்டிடுங்க" என்று பையன் தலையில் அடித்துக்கொண்டான். போடா என்றேன். முகவரியில் தெருப் பெயரை விட்டால் என்ன ஆகும், தகப்பன் பெயரை விட்டால் யார் வீட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? எழுதின ஆள் எழுதினதை வெட்டுவதற்குத் தபால்காரனுக்கு அதிகாரம் இல்லை. இதுதான் என் கொள்கை. இந்தக் கொள்கைதான் என் தலையில் கல்லைப் போட்டது.

அந்த வாலுக்குள் உங்கள் மூத்த மகன், மாப்பிள்ளை இளவரசன் பெயரும், ஊர்ப் பெயரும், குடிப்பழக்கம் என்கிற சொல்லும் கூட்டல் குறி போட்டுக் கோத்திருந்ததாம். அதைச் சரத்குமார் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தானாம். உடனே உங்கள் தங்கை பச்சையம்மாள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "எங்க இளவரசனக் குடிகாரன்னு உலகம் பூரா எழுதிப் போட்டுட்டாருடி பொண்ணோட அப்பன்" என்றாராம். அம்மாடி! எழுதிப் போடுவதற்கு இது என்ன சுவரா?

சின்னதுரை போனதும் நான் சும்மா இருக்கவில்லை. மத்தியானமே மறுபடி அரியலூர். "வால வெட்டச் சொன்னியே, இப்ப என் கண்ணு முன்னாடி வெட்டுடா" என்றேன். பழைய முகவரியைத் திரும்ப வரவழைத்து, வாலில் ஒரு துண்டை வெட்டி எண்டர் தட்டினான். அதே பக்கம் வந்தது. வெட்டுப்பட்டது யார் என்று கேட்டேன். "எந்த மொழின்னு சொல்றது சார்." அடுத்ததை வெட்டினான், அது ஒரு பக்கத்துக்கு எத்தனை விடை என்று சொல்வதாம். அப்போதும் அதே பக்கம். இன்னொன்று எந்தத் தேடல் பெட்டியில் தட்டினோம் என்று கோள் சொல்வது. அது போயும் பக்கம் அசையவில்லை. ரயில் பெட்டி போல எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருந்தது. "இது யாருன்னு எனக்கே தெரியாது சார்" என்றான். தெரியாதவன் கல்யாண வீட்டில் எதற்கு? அதையும் வெட்டினோம், ஒன்றும் குடி முழுகவில்லை. அப்புறம்தான் உங்கள் வீட்டைக் கொளுத்திய துண்டு வந்தது. அது முன்னால் தேடியதை முதுகில் சுமந்துகொண்டு வருமாம். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவனோ தட்டியிருக்கிறான், அவ்வளவுதான். திருமுருகன் என் முகத்தைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதையும் வெட்டினான். கடைசியில், எதைத் தேட வேண்டும் என்று சொல்கிற க்யூ என்ற ஒற்றை எழுத்தும் அதன் பக்கத்தில் என் மகள் பெயரும் மட்டும் நின்றன. அப்போதும் முதல் வரியில் கவிதாதான். அந்த க்யூவையும் பெயரையும் வெட்டிப் பார்த்தோம், பக்கம் வெறிச்சோடிவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன் சம்பந்தி. இந்தக் கல்யாணத்தில் இளவரசனும் கவிதாவும்தான் அந்த க்யூ. நீங்கள், நான், சின்னதுரை, பச்சையம்மாள் எல்லோரும் ஜிலேபிக்குப் பின்னால் தொங்குகிற வால். நம்மை வெட்டிவிட்டுத் தட்டினாலும் கல்யாணம் வரும். அவர்களை வெட்டினால் வெறும் பந்தல்தான் மிஞ்சும். இது புரிந்தவரிடம் மன்னிப்புக் கேட்கலாம், புரியாதவரிடம் ஏன் கேட்க வேண்டும்? கேட்க மாட்டேன். சம்பந்தம் பேசின வீட்டைப் பற்றித் திருட்டுத்தனமாகத் துருவுவது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. உங்கள் வீட்டிலும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். என்னை எடை போடும்போது அதே தராசில் போடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு என் ஆசி தனி. சரத்குமாருக்கும் ஆசிதான், கொஞ்சம் குறைத்துச் சொல்லவும்.

இப்படிக்கு, வளையாத
குழந்தைவேல்

பின்குறிப்பு: நாற்காலியில் முன்னால் உட்கார்ந்த எவனோ என்று எழுதினேன் அல்லவா, அவன் நான்தான். கலியம்மாளை எங்கப்பா விசாரிக்காமல் ஒரு குடிகாரனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவள் வாங்கிய அடியெல்லாம் இன்னும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் தட்டினேன். இன்னொரு தரமும் தட்டுவேன். பொருந்தும் பக்கம் எதுவும் இல்லை என்று விடை வந்தது, பெருமாளே என்று அங்கேயே கும்பிட்டேன். இப்போது எனக்கு வால் படிக்கத் தெரியும் என்பதால், சரத்குமார் அனுப்பிய கம்பெனி முகவரியையும் எடுத்துப் பார்த்தேன். அதன் வாலில் கவிதா, கூட்டல், திருமானூர், கூட்டல், காதல் என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை தன் வாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. கவிதாவிடம் காட்டினேன். "ரெண்டு வூட்டு வாலையும் வெட்டிட்டு நாளக் குறிங்கப்பா" என்று சிரித்தாள். உங்களுக்கும் ஒன்றும் வந்திருக்காது, எனக்கும் வரவில்லை. முகூர்த்தக்கால் நடும் நாளை எழுதுங்கள். முகவரிக்குக் குழந்தைவேல், திருமானூர் என்று மட்டும் போடுங்கள், வந்து சேரும்.