மூன்றாம் நம்பர் ஓசையடக்கி

பரோசா பள்ளத்தாக்கில் எர்வின் யாருக்கும் பயந்தவரில்லை, பெண்டாட்டி வில்மாவைத் தவிர. ஊர் பேண்டில் முப்பது வருஷமாக டூபா ஊதுகிறார். அந்தப் பித்தளை ராட்சசனை மடியில் தூக்கி வைத்து வீட்டில் பயிற்சி எடுத்தால் ஜன்னல் கண்ணாடிகளும் கூடச் சேர்ந்து ஊதும். வில்மாவுக்கோ ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனைதான் உயிர். போன சனிக்கிழமை மூன்று விக்கெட் விழுந்ததே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அன்றைக்கே உத்தரவு பிறந்தது: டூபாவின் வாயில் ஓசையடக்கியைச் செருகு, இல்லையென்றால் டூபா பேண்டு ஹாலுக்குப் போகட்டும்.

எர்வினுக்கு அழுகையே வந்துவிட்டது. சோறில்லாமல்கூடக் கிடப்பார். டூபா இல்லாத வீட்டில் கிடக்க மாட்டார். ஓசையடக்கி செருகிய டூபாவோ அவருக்கு ஜென்மப் பகை.

ஆனாலும் பேண்டில் சொல்லி மூன்று ஓசையடக்கிகளை இரவல் வாங்கி வந்தார். ஒன்று அட்டை, ஒன்று அலுமினியம், ஒன்று மரம். மூன்றும் குப்பைக்கூடை பருமனில் கூம்புகள். கூடவே ஒரு திட்டமும் வந்தது. பேண்டுப் போட்டியில் நடுவர் மூடிய கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஊதுகிறவர் முகம் பார்க்காமல் மார்க் போடுவார். அதே மாதிரி வில்மா சமையலறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார்.

"நடுவர் சொன்னா சொன்னதுதான். அப்புறம் பேச்சே கிடையாது" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

"எனக்குச் சம்மதம்" என்று வில்மா பென்சிலோடு உள்ளே போனாள்.

அட்டையைச் செருகி, நுரையீரல் கிழிய ஊதினார். அலுமினியத்தைச் செருகி, வேண்டுமென்றே நாலு இடத்தில் சுருதி தப்பினார். மூன்றாவதாக எதையுமே செருகவில்லை. வெறும் டூபாவை எடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, தொட்டில் குழந்தை முழிக்காத அளவுக்கு ஊதினார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. இத்தனை மென்மை தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது. சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"மூணாவதுதான்" என்றது திரை. "அவ்வளவு அழகு. தினமும் அதே சத்தம்தான் வரணும். ஒரு இம்மி கூடினாலும் டூபா ஹாலுக்கு."

எர்வின் மனசுக்குள் ஒரு சுற்று ஆடி முடித்தார். இனி ஆயுசுக்கும் வெறும் டூபா.

வில்மா திரையை விலக்கி வந்தாள். "அந்த மூணு கூம்பையும் நாளைக்கே திருப்பிக் குடுத்துடு."

"மூணையுமா? மூணாவதுதான் ஜெயிச்சிருக்கே?"

"முப்பது வருஷம் பேண்டுக்காரனுக்குப் பொண்டாட்டி நான். அடைச்சு ஊதினா டூபாவுக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" ரேடியோவைத் திருகிக்கொண்டே சொன்னாள். "இருந்ததுலயே நல்ல ஓசையடக்கி நீதான், எர்வின்."