தர்மன் பி.ஏ. வீட்டு அமாவாசைக் கச்சேரி

தறியில் மட்டும் உட்காருவதில்லை என்று தர்மன் தீர்மானம் செய்திருந்தான். தாமல் கிராமத்தில், அவன் வம்சத்தில், அவன்தான் முதல் பி.ஏ. அந்தப் பட்டத்தை வாங்கிய கை, நூல் ஓட்டும் நாடாவைத் தொடாது. பிள்ளையார்பாளையத்தில் மனைவியின் வீட்டோடு வந்து குடியேறிய மறுநாளே வாசலில் பலகை மாட்டிவிட்டான்: 'அ. தர்மன், பி.ஏ.'

இரண்டு வருடமாக சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். சோறு தேவகியின் தறியிலிருந்து வந்தது. இந்த வாக்கியத்தை மட்டும் அவன் எந்த விண்ணப்பத்திலும் எழுதியதில்லை.

தேவகி நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவில் ஒருவர் நெய்ய, வலக்கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்துகொண்டிருந்த தங்கை சித்திரையில் கல்யாணமாகிப் போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு.

"ஏங்க, கரைப்பக்கம் கொஞ்சம் ஒக்காருங்களேன்."

"நான் படிச்சவன் தேவகி."

"கரை நாடாவுக்கு அவ்ளோ படிப்பு வேணாம். சும்மா தள்ளுனா போதும்."

"ஊர் சிரிக்கும்."

"இப்ப மட்டும் இன்னா, அழுவுதா?"

இதற்குப் பதிலாகத்தான் அவன் 'மேல்நாட்டு இசை ரசிகர் மன்றம்' தொடங்கினான். உறுப்பினர் நால்வர். தர்மன், கடைத்தெரு அப்துல் சத்தார், பி.காம்.; தமிழாசிரியர் வீராசாமி; பாட்டு வாத்தியார் மகன் சபாபதி. ரெக்கார்ட் பிளேயர் சத்தாருடையது. பெருமை எல்லோருடையது.

ஒருநாள் சத்தார் ஒரு புது இசைத்தட்டோடு வந்தான். சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்தது.

"ஆளே வாசிக்கலையாம்பா. எல்லாம் மிஷினு. கரண்ட்டு சங்கீதம்."

"பாடறது?"

"பொம்பளைதான்." சத்தார் சுவரைப் பார்த்தான். "ஆனா பாடறான்னு சொல்ல முடியாது."

"பின்னே?"

"மூச்சு வுடறா."

அட்டையில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவள்மேல் துணியைவிட விளக்கு வெளிச்சம்தான் அதிகம். தர்மன் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல அதற்குப் பழுப்புத்தாள் உறை போட்டான். மேலே 'ஆய்வுக்குரியது' என்று எழுதினான். பிறகு உட்கார்ந்து திட்டம் தீட்டினான். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி. தெருவில் நாற்பது தறிகள் ஓடும். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. மிச்சம் இருந்தது மனைவி.

"ஞாயித்துக்கெழம வாலாஜாபாத் போயி உங்க அத்தையப் பார்த்துட்டு வாயேன்."

"தறி?"

"ஒரு நாள் நின்னா இன்னா?"

"அன்னிக்கு எப்படியும்..." என்று ஆரம்பித்த தேவகி நிறுத்திக்கொண்டாள். அவனைப் பார்த்தாள். அலமாரிக்கு மேல் இருந்த பழுப்பு உறையைப் பார்த்தாள். "சரி, போறேன்."

இவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கிறாளே என்று ஒரு பட்டதாரி யோசித்திருக்க வேண்டும். தர்மன் பஸ் நேரம் சொன்னான்.

ஞாயிறு காலையிலேயே தேவகி பையோடு கிளம்பிப் போனாள். மூன்று மணி. கதவைத் தாழிட்டு, தட்டைச் சுழலவிட்டு, ஊசியை வைத்தார்கள். டும், டும், டும் என்று மிஷின் அடித்தது. அப்போதுதான் தர்மனுக்கு ஒன்று உறைத்தது. தெருவில் அந்த டும்மைத் தவிர வேறு சத்தமே இல்லை.

அன்றைக்கு அமாவாசை. அமாவாசையன்று நெசவாளி நாடாவைத் தொடமாட்டான். அந்தத் தெருவில் இரண்டு வருடம் சாப்பிட்டும் தர்மனுக்கு இது பதியவில்லை. அவன் நாள்காட்டியில் சிவப்பாக இருந்தது ஞாயிறு மட்டும்தான்.

"சத்தத்தைக் கொறைக்கலாமா?" என்றான்.

"இருங்க சார், தாளம் பிடிபடுது" என்று சபாபதி தொடையில் தட்டத் தொடங்கினான். "நாலே அடி. ஆதி தாளத்துக்குப் பேரன் மாதிரி இருக்குது."

பெண் மூச்சு விட்டாள்.

சபாபதியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல அக்குளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. வீராசாமி கண்ணை மூடினார். மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்று கண்டு சட்டென்று திறந்தார்.

"அவலச்சுவை" என்றார்.

பெண் முனகினாள்.

"இல்லை" என்று திருத்திக்கொண்டார். பின்னே எந்தச் சுவை என்று யாரும் கேட்கவில்லை.

"இது எவ்ளோ நேரம்பா?" என்றான் தர்மன்.

"பதினேழு நிமிஷம்னு போட்டிருக்குது" என்றான் சத்தார், உத்தரங்களை எண்ணிக்கொண்டே.

நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு படித்தவர்களும் பரீட்சை மண்டபத்தில் விடை தெரியாதவர்களைப்போல, அடுத்தவன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வியர்த்தது.

"இதை நாம கலையாப் பார்க்கணும்" என்றான் தர்மன்.

"கலைதான்."

"கலையேதான்."

பெண் ஏறக்குறைய அலறினாள். வாசல் கதவு இடிபட்டது.

சத்தார் பாய்ந்து ஊசியைப் பிடுங்கினான். கர்ர்ரக். தர்மன் கதவைத் திறந்தான். அடுத்த வீட்டு அங்கம்மாள், பின்னால் இரண்டு பெண்கள்.

"தம்பி! தேவகிக்கு இன்னாபா? வயித்துவலியா?"

ஒரு பொய் இவ்வளவு தயாராக வீடு தேடி வந்ததில்லை. தர்மன் வேகமாகத் தலையாட்டினான். "ஆமாக்கா. வயித்துவலி."

"நெனச்சேன்!"

"இப்ப தூங்கறா. டாக்டரு யாரும் பார்க்கக் கூடாதுன்னுட்டாரு."

"வழி வுடுப்பா."

அங்கம்மாள் அவனை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இன்னும் நாலு எட்டு. தேவகி இல்லாத அறையைப் பார்ப்பாள். நாலு ஆம்பளைகளைப் பார்ப்பாள். அப்புறம் முனகியது யார் என்று கேட்பாள்.

கொல்லைப்பக்கச் சமையலறைக் கதவு திறந்தது. தேவகி நின்றாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை நிலைப்படியில்.

"வாங்கக்கா. இப்பதான் கொஞ்சம் அடங்குது" என்று சொல்லி, ஒரு முறை முனகினாள். அதன்முன் அந்த வெளிநாட்டுக்காரி இன்னும் பயிற்சியில் இருப்பவள். நாலு பேரும் தலையைக் குனிந்தார்கள்.

தர்மன் மனசுக்குள் கும்பிட்டான். பஸ்ஸை எங்கே விட்டாளோ, மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் மகராசி.

"ஏன் வலிக்காது?" அங்கம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "கோர்வைத் தறியில ஒத்த ஆளா ஒக்காந்துக்கினு, அந்தக் கரைக்கும் எட்டி எட்டி நாடா போட்டா, கொடலு பொரளாம இன்னா பண்ணும்? வூட்ல ஆம்பள இன்னாத்துக்குக் கீறான்?"

"பொண்டாட்டி துடிக்கறா" என்றாள் பின்னால் நின்றவள். "சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு பொட்டி பாட வெச்சிக்கீறான் பாரேன்!"

தர்மன் வாயைத் திறந்தான். என்ன சொல்வது? முனகியது அவள் இல்லை என்றால், யார் என்று சொல்ல வேண்டும். கொடுமைக்காரன், கேடுகெட்டவன், இரண்டில் ஒரு பெயர் நிச்சயம். அவன் யோசித்து நடப்பவன். கொடுமைக்காரனாகவே இருந்துகொண்டான்.

"தர்மன், இது அறமல்ல" என்று சொல்லி வீராசாமி செருப்பை மாட்டினார். ஒன்பது நிமிடம் கூடவே உட்கார்ந்து கேட்டவர்தான் அவர். சபாபதி அவர் முதுகுக்குப் பின்னாலேயே நழுவினான். சத்தார் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "பிளேட்டு உங்ககிட்டயே இருக்கட்டும் சார்." மன்றம் கலைந்தது.

"அவரைத் திட்டாதீங்கக்கா" என்றாள் தேவகி, மெலிந்த குரலில். "நாளையிலருந்து கரைக்கு ஒக்கார்றேன்னு காலையிலதான் சொன்னாரு. இல்லீங்களா?"

அதற்குள் வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"ஆமா" என்றான் தர்மன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தான். தேவகி வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "இப்பதான் பொறுப்பு வந்திருக்குது" என்றார் ஒருவர். இதற்குச் சிரித்தே இருக்கலாம் என்று தர்மனுக்குத் தோன்றியது.

"மெதுவாத் தள்ளுங்க. கரை கோணுது."

மெதுவாகத் தள்ளினான். கொஞ்ச நேரம் கழித்து, நன்றி சொல்ல வேண்டியவன் என்கிற நினைப்பில், குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"எப்படியோ, நீ நல்ல நேரத்துக்கு வந்த. அந்த அங்கம்மா அக்கா காதுல போயி அது விழுந்துச்சே, அதான் வெனை."

தேவகி நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்காவுக்குக் காது கேக்காம போயி ஆறு வருஷம் ஆவுது. நாடாவத் தள்ளுங்க."