நமுனுகுல சிங்கத்தின் கறுத்து

ஒரே ஒரு மலை. மலைக்குக் கீழே ஒரே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தில் ஒரே ஒரு லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு ராசா இருந்தான். நீங்கள் 'ம்' கொட்டினால்தான் கதை நகரும். கொட்டியாச்சா? அந்த ராசா நான்தான். பெயர் ஜெயரூபன். ராணி பெயர் தனுஜா. ராச்சியத்தை ஆண்டது யார் என்று இப்போதே கேட்காதீர்கள். கதை அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்குப் பிறவியிலேயே மெல்லிய குரல். "தனு, நான் என்ன சொல்றேன்னா" என்று தொடங்கி, அந்த 'னா'வுக்கு நான் வந்து சேர்வதற்குள் அவள் தீர்ப்புச் சொல்லி, தீர்ப்பை நிறைவேற்றி, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்திருப்பாள். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் 'அ, ஆ' சொல்லிக்கொடுக்கிற டீச்சர் அவள். பள்ளிக்கூடம் விட்டாலும் அவளுக்கு ஒரு பிள்ளை பாக்கி இருக்கும். அது நான்.

போஞ்சி என்கிற பீன்ஸால் அன்றைக்கு வந்த வில்லங்கம் இதுதான்.

"அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை போஞ்சி நடணும்," என்றாள் தனுஜா. "குழி வெட்டணும், எரு போடணும், வேலி கட்டணும். போன தடவை முள்ளம்பன்றி ஒரு கொடியக்கூட விட்டு வைக்கல."

"அன்னைக்கு கிரிக்கெட் ஃபைனல், தனு. பக்கத்துத் தோட்டத்தோட. நான்தான் கேப்டன்."

"அன்னைக்கு நாத்து எல்லாம் தயாரா நிக்கும். மழை வந்துட்டா?"

"மழை வராது."

"ஏன், உங்ககிட்ட டாஸ் கேட்டுட்டுத்தான் வருமா?"

அந்த நிமிடம் ஒரு சபதம் எடுத்தேன். இனி இந்த வீட்டில் எதையும் குரல் தீர்மானிக்கக் கூடாது. எழுத்து தீர்மானிக்கட்டும். பேச்சில் நான் பூனை, எழுத்தில் நான் சிங்கம். ஆகவே இணையத்தில் ஒரு கருத்துக்களம் திறப்பேன். நாலு பேர் வருவார்கள், நியாயம் பேசுவார்கள், வாக்கெடுப்பார்கள். நியாயம் என் பக்கம். ஃபைனலும் என் பக்கம்.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எங்கள் லயத்துக் குழுவுக்கு அட்மின் யார் தெரியுமா? காலை வணக்கப் படம் அனுப்பிய குற்றத்துக்காக, கட்டிய புருசன் என்றும் பாராமல் என்னைத் தூக்கி வெளியே போட்டவள். எனக்குச் சொந்த மண் தேவைப்பட்டது.

நான் ஹாலிஎலயில் ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்க்கிறேன். ஆணி, கம்பி, வாளி எல்லாம் எனக்கு அத்துப்படி. ஹார்ட்வெயாரே தெரிந்தவனுக்கு சாஃப்ட்வெயார் எம்மாத்திரம்? பதுளை டவுனில் ஸஹாப்தீன் நானாவிடம் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். "தம்பி, சாமான் கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும்," என்றார் நானா. "பரவால்ல நானா, நானும் அப்படித்தான்," என்றேன்.

யூடியூபில் ஒருவர் சொல்லச் சொல்லக் களத்தை நிறுவினேன். 'டேட்டாபேஸின் பெயர் என்ன?' என்று கேட்டது. தெரியாது என்று சொல்லப் பொத்தான் இல்லை. 'அடுத்து' என்று ஒரு பொத்தான் இருந்தது. அடுத்து, அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போனேன். களம் வந்துவிட்டது! கல்யாணத்திலும் அந்தப் பொத்தான் இருந்திருக்கலாம்.

"என்னங்க செய்றீங்க? தண்ணிக் குடம் அப்படியே இருக்கு."

"களம் அமைக்கிறேன்."

"களையா? பின்னாடி பாத்தியில நிறைய இருக்கே, வந்து எடுங்க."

"களை இல்ல தனு, களம்! கருத்துக்களம்!"

"கருத்தா? உங்களுக்கா?" என்றவள், குடத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

களத்துக்குப் 'பெரட்டு' என்று பெயர் வைத்தேன். தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் பெரட்டு. வேலையை முடித்தால் அன்றைக்கு ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். எங்கள் ஊரில் பேர் என்றால் கூலி. அந்தக் கணக்கிலேயே பதவிகளுக்கும் பெயர் வைத்தேன். அட்மின் என்பதை 'தொரை' ஆக்கினேன். உறுப்பினர் என்பதை 'ஆள்' ஆக்கினேன். தொரை யார்? அதையும் சொல்ல வேண்டுமா?

தொரை உட்கார்ந்திருந்தார். ஆள் ஒருவரும் வரவில்லை.

மூன்று நாள் பார்த்தேன். ஈ வந்தது, திரையில் உட்கார்ந்தது, அதுவும் பதிவு செய்யாமல் போய்விட்டது. யூடியூப்காரர் ஒரு வழி சொன்னார்: 'காலிக் கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். முதலில் நீங்களே நாலு பதிவு போடுங்கள்.' நான் நாலு பதிவு போடவில்லை. நாலு ஆளையே போட்டேன்.

நமுனுகுல சிங்கம். ஹாலிஎல அறிஞன். பதுளைப் பாவலன். ஊவா உண்மையாளன்.

நால்வருக்கும் ஒரே கடவுச்சொல். 'இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?' என்று லேப்டாப் பணிவாகக் கேட்டது. இந்த வீட்டில் என்னிடம் அனுமதி கேட்ட முதல் ஜீவன் அதுதான். நெகிழ்ந்துபோய், சரி என்றேன்.

அப்புறம் பாருங்கள், களம் களைகட்டியது! தொரை எழுதுவார்: 'விளையாட்டு மனிதனுக்கு அவசியம். இது என் கறுத்து.' உடனே நமுனுகுல சிங்கம் பாயும்: 'அருமையான கறுத்து தலைவரே!' ஹாலிஎல அறிஞன் ஆமோதிப்பான்: 'என் கறுத்தும் அதுவே.' பதுளைப் பாவலன் இரண்டு வரிக் கவிதை போடுவான். ஒரு நாள் அறிஞனுக்கும் உண்மையாளனுக்கும் மூண்டது பாருங்கள் ஒரு சண்டை! அறிஞன் சொன்ன ஒரு வார்த்தையில் எனக்கே கோபம் வந்து, அன்று முழுக்க நான் என்னோடு பேசவில்லை.

அடுத்த காம்பரா வீரசிங்கம் அண்ணன் எங்கள் அணியின் விக்கெட் காப்பாளர். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். மாலையானால் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார்.

"ரூபன் தம்பி, இந்த நமுனுகுல சிங்கம் யாரு?"

"பெரிய ஆள், அண்ணே. ரகசியமா எழுதுறார்."

"என்ன அறிவு! ஒரு தடவை நேர்ல பாக்கணும் தம்பி. கையெடுத்துக் கும்பிடணும்."

"உங்களுக்குப் பக்கத்துலேயே இருப்பார் அண்ணே," என்றேன். உண்மைதானே?

ஒரு நாள் அண்ணன் பின்னால் நிற்கும்போதே தனுஜாவும் எட்டிப் பார்த்தாள். படித்தாள். திரையில் கீழே இறங்கினாள், மறுபடி மேலே போனாள். அவள் உதடு ஏனோ துடித்தது. என் புகழைக் கண்டு பிரமித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"இவங்க எல்லாரும் உங்க ஆளுங்களாங்க?"

"உலகம் முழுக்க இருக்காங்க."

"எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுறாங்க."

"ஒருமித்த கருத்து, தனு."

"கருத்து," என்றாள், எழுத்துக்கூட்டிப் பார்ப்பவள் போல. "சரி, வாக்கெடுப்பு வைங்களேன். ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பந்தா, போஞ்சியான்னு."

பழம் நழுவி என் மடியில் விழுந்தது.

"வச்சா, முடிவை ஏத்துக்குவியா?"

"நான் ஏத்துக்குவேன். நீங்க ஏத்துக்குவீங்களா?"

"தொரை சொன்னா சொன்னதுதான்! ஒரு பேருக்கு ஒரு வாக்கு. மாத்தவே முடியாது. வீரசிங்கம் அண்ணே, நீங்க சாட்சி!"

"நான் சாட்சி," என்றார் அண்ணன். "சிங்கம் நம்ம பக்கம்தான் போடும், தம்பி. எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பைத் திறந்தேன். தொரையின் வாக்கு: பந்து. மற்ற நால்வரின் வாக்கையும் சனிக்கிழமை கடை விட்டு வந்து, தேநீர் குடித்தபடி நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். என் ஆட்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்? சனிக்கிழமை பஸ்ஸில் வரும்போதே மட்டை வரிசையை மனத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். முதல் ஆட்டக்காரன்: நான்.

வீட்டு வாசலில் வீரசிங்கம் அண்ணன் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு காத்திருந்தார். தனுஜா தேநீர் கொண்டுவந்தாள். லேப்டாப்பைத் திறந்தேன்.

பந்து: ஒன்று. போஞ்சி: நான்கு.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். போஞ்சி அசையவில்லை.

"வாசிங்க தம்பி, சிங்கம் என்ன சொல்லுது?" என்றார் அண்ணன்.

திரையை என் பக்கம் திருப்பினேன். அவரே எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்.

"'தலைவரே, நான் நமுனுகுல சிங்கம். உங்கள் கறுத்தை மதிக்கிறேன். ஆனால் நாற்று காத்திருக்காது. போஞ்சிக்கே என் வாக்கு.' அடடா! 'ஹாலிஎல அறிஞன்: வேலி இல்லாத வீட்டில் கேப்டன் எதற்கு? இது என் கறுத்து.' ஆ! பாவலன் பாட்டே போட்டிருக்கான் தம்பி! 'பந்தடித்தால் கை தட்டுவார், பசித்தால் யார் போஞ்சி தருவார்?'"

"இது... இது கள்ள வோட்டு!" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் தனுஜா. குரலில் சர்க்கரை.

"இவங்க அப்படிப் போட மாட்டாங்க!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா அவங்க எல்லாம்..."

நிறுத்தினேன். வீரசிங்கம் அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவங்க எல்லாம் நான்தான் என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும். மானம் திரும்பி வராது. அடுத்த காம்பராவுக்குத் தெரிந்தால் லயத்துக்கே தெரியும். லயத்துக்குத் தெரிந்தால் பக்கத்துத் தோட்டம் மைதானத்தில் என்னைச் 'சிங்கம், சிங்கம்' என்று கூப்பிடும்.

"அவங்க எல்லாம்?" என்றாள் தனுஜா.

"அவங்க எல்லாம்... நல்லவங்க," என்றேன்.

"நல்லவங்க மட்டுமில்ல தம்பி, ஞானிங்க!" அண்ணன் என் மட்டையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். "சிங்கமே சொன்னதுக்கப்புறம் நாம யாரு? நாளைக்கு நானே கேப்டனா நிக்கிறேன். நீ கவலப்படாத. சிங்கத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லிரு."

அவர் போனதும் தனுஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றேன்.

"கருத்துக்கு எந்த 'ரு'ங்க?"

"வல்லின 'று'."

"அது கறுத்துப் போனதுக்கு. சின்ன 'ரு'தான் போடணும். என் பாலர் பிள்ளைங்கள்லகூட ஒண்ணு ரெண்டுதான் தப்பா எழுதும். உலகம் முழுக்க இருக்கிற உங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் ஒண்ணாவா கறுத்துப் போகும்?" தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்தாள். "பேர் போட்டதும் கடவுச்சொல்லை லேப்டாப்பே நிரப்பிக் கொடுத்துச்சு. நல்ல லேப்டாப்புங்க. ஒரு வேலையும் வைக்கல. தப்பு எழுத்துப் போடத்தான் கை கூசுச்சு."

ஞாயிறு விடிந்தது. அண்ணனும் பையன்களும் சிரித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். அவர்கள் வளைவில் மறையும் வரை தனுஜா பொறுத்திருந்தாள். அந்த மரியாதைக்கு இன்றும் நான் கடன்பட்டவன். பிறகு வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து, பெரட்டுக் கூப்பிட்டாள்.

"நமுனுகுல சிங்கம்!"

"வந்தேன்," என்றேன்.

"குழி வெட்டு. ஹாலிஎல அறிஞன்!"

"வந்தேன்."

"வேலி. பதுளைப் பாவலன்!"

"அவன் கவிஞன், தனு. மென்மையானவன்."

"எரு சுமக்கட்டும். ஊவா உண்மையாளன்!"

"...வந்தேன்."

"நாத்து நடு. உண்மையாவே நடணும்."

சிங்கம் வெட்டியது. அறிஞன் கம்பு ஊன்றினான். பாவலன் கூடை சுமந்தபோது அவனுக்கு ஒரு வரியும் வரவில்லை. மைதானத்துப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டபோதெல்லாம் ஐவரும் ஒன்றாக நிமிர்ந்தோம், ஒன்றாகக் குனிந்தோம். கடைசி நாற்றை நட்டபோது முதல் தூறல் விழுந்தது. அதையும் அவள்தான் சரியாகச் சொல்லியிருந்தாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். தனுஜா பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வேலியை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"நல்ல வேலை. சிங்கத்துக்கு ஒரு பேர். அறிஞனுக்கு ஒரு பேர். பாவலனுக்கும் உண்மையாளனுக்கும் ஒவ்வொரு பேர்."

"எனக்கு?" என்றேன், என் மெல்லிய குரலில்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"எல்லா வேலையும் அவங்கதானே செஞ்சாங்க? தொரை சும்மா நின்னதுக்கு, போனாப் போகுது, அரைப்பேர்."