ஆகாசப்பாண்டியனுக்குத் துட்டி

"அண்ணாச்சி, அவன் என்ன சொல்லுதான்?" என்று மாடன் இரண்டாம் தடவை கேட்டபோதும் காந்திமதிநாதனுக்குக் காதில் விழவில்லை. அவர் மனசு சுரண்டையில் இருந்தது.

உடம்பு மட்டும் தென்காசியில், சொந்த வீட்டு ஹாலில், சொந்த டி.வி.க்குப் பக்கத்தில், ஒரு காலை மடக்கி வைத்துவிட்டு மறுகாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் அந்த ஒரு டி.வி.தான். தெரு முழுக்க அதற்கு முன்னால் இருந்தது. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு கேரளத்துக் குடும்பம் வேனை நிறுத்தி இறங்கி, ஏதோ கோவில் என்று கும்பிட்டுவிட்டுப் போயிற்று.

டி.வி.யில் பொம்மைப்படம். ராக்கெட்டில் கிரகம் கிரகமாகப் போய்ச் சண்டை போடுகிற ஒரு வீரனின் கதை. வாராவாரம் கொஞ்சம் காட்டுவார்கள். பேச்செல்லாம் இந்தியில். தெருவில் இந்தி தெரிந்தவர் காந்திமதிநாதன் ஒருவர்தான் என்பது பொதுக்கருத்து. அவர் காசிக்குப் போய் வந்தவர். அங்கே அவர் பேசிய இந்தி 'எவ்வளவு', 'வேண்டாம்' ஆகிய இரண்டு சொற்களோடு முடிந்துவிட்டது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. முதல் வாரமே மாடன் அர்த்தம் கேட்டான். தெரியாது என்று சொன்னால் காசிக்குப் போனது பொய்யாகிவிடும். ஆகவே அவர் சொன்னார். வீரனின் பெயர் வாயில் நுழையாததால் ஆகாசப்பாண்டியன் என்று வைத்தார். வில்லனுக்கு மூன்று கண். அவனை மேற்படியானின் தாய்மாமன் என்றும், சொத்துத் தகராறு என்றும் சொன்னார். கதை பிடித்துக்கொண்டது. சைக்கிள் கடை மாடன் தன் கடைக்கு மேலேயே 'ஆகாசப்பாண்டியன் தலைமை ரசிகர் மன்றம்' என்று பலகை மாட்டிவிட்டான்.

வினை அதற்குப் பிறகு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, படம் முடிந்த கையோடு, அவர் மனைவி மங்களேஸ்வரி ஒரு பையில் நாலு சேலையை மடித்து வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமைன்னா இனிமே இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, தம்பி வீட்டுக்குச் சுரண்டை பஸ் ஏறிவிட்டாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கூட்டம் ஹாலைத் தாண்டி அடுக்களைக்குள் போய்விட்டது. எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் ஆட்டுரல் மேல் உட்கார்ந்துதான் படம் பார்க்கிறாள். எந்தப் பெண்பிள்ளை பொறுப்பாள்? கூட்டம் போனால் மங்களேஸ்வரி வருவாள். ஒரு வாரமாக ஹோட்டல் சாம்பார் சாப்பிட்ட மனிதருக்கு இந்தக் கணக்கு மிகத் தெளிவாக இருந்தது.

அப்போது பார்த்துத் திரையில் ராக்கெட் ஒரு பெரிய பாறையில் மோதிற்று. ஒரே புகை. எழுத்து ஓடிற்று.

"அண்ணாச்சி, என்னாச்சு?" என்றான் மாடன்.

காந்திமதிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "செத்துப் போயிட்டான்" என்றார்.

"யாரு?"

"ஆகாசப்பாண்டியன்தான். கதை முடிஞ்சு போச்சு. அடுத்த வாரம் கிடையாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஒருவரும் அசையவில்லை. பிறகு அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தங்கபுஷ்பம் ஆட்டுரலை விட்டு இறங்கி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, "வெள்ளிச் சட்ட போட்டவரே, வானத்துல போனவரே" என்று ஆரம்பித்திருந்தாள். நல்ல குரல். தெருவில் எந்த இழவுக்கும் அவள்தான் முதல்.

கூட்டம் போய்விடும் என்று எண்ணியவருக்குத் தன் ஊரை அத்தனை வருஷம் இருந்தும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போவது மரபு. போகாவிட்டால் நாளைக்கு நம் வீட்டில் ஒன்று என்றால் யார் வருவார்? ஆகாசப்பாண்டியன் உயிர் போனது காந்திமதிநாதன் வீட்டு ஹாலில். ஆகவே துட்டி கேட்க வேண்டியதும் அங்கேதான். திங்கட்கிழமை விடியும்போது வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மாடன் கறுப்புக் கரை போட்டு நோட்டீஸ் அடித்துக் குற்றாலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டிவிட்டான். அச்சன்புதூர் கிளை மன்றத்தார் வேன் பிடித்து மாலையோடு வந்து, டி.வி.க்குச் சாத்திவிட்டு, அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். துட்டி வீட்டில் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. அவரும் சொன்னார். முதல் நாள் பாறை. மறுநாள் அந்தப் பாறையை உருட்டிவிட்டது மூன்று கண் தாய்மாமன் என்று ஆயிற்று. அதற்கடுத்த நாள் ஆகாசப்பாண்டியன் கடைசியாகத் தண்ணீர் கேட்டதைச் சொல்லும்போது அவரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஒரு அலறல் கேட்டது. சுரண்டைச் சந்தையில் யாரோ, தென்காசியில் காந்திமதிநாதன் வீட்டில் துட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். மங்களேஸ்வரி தலைவிரி கோலமாக பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தாள். பின்னால் அவள் தம்பி ஆவுடைநாயகம் ஒரு ரோஜா மாலையோடு வந்தான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்ததும் அவளுக்குக் கால் நின்றுவிட்டது. மாலையை எங்கே வைப்பது என்று ஆவுடைநாயகத்துக்கு விளங்கவில்லை; மெதுவாக முதுகுப்பக்கம் கொண்டுபோனான்.

"யாரு செத்தா?" என்றாள் மங்களேஸ்வரி.

"ஆகாசப்பாண்டியன்."

"எப்படி?"

அவர் விஸ்தாரமாகச் சொன்னார். பாறை, தாய்மாமன், தண்ணீர், எல்லாம். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். வெளியே வந்து, துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்ற மரபுப்படி, ஒரு வார்த்தை சொல்லாமல் அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆவுடைநாயகம் கொண்டுவந்ததை வீணாக்க வேண்டாம் என்று மாலையை டி.வி.க்குப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினான்.

கூட்டத்தைக் கண்டுதான் போய்விட்டாள் என்று காந்திமதிநாதன் பல்லைக் கடித்தார்.

அடுத்த ஞாயிறு வந்தது. செத்த நேரத்துக்குச் சரியாக ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போகிறோம் என்று மன்றத்தார் வந்தார்கள். விளக்கை ஏற்றிய மாடன், மரியாதைக்காக டி.வி.யையும் போட்டுவிட்டான்.

இரண்டு மாலைக்கு நடுவில் ஆகாசப்பாண்டியன் சிரித்துக்கொண்டு வந்தான்.

ஹால் முழுவதும் ஒரே சமயத்தில் திரும்பி காந்திமதிநாதனைப் பார்த்தது. நாற்காலியின் கைப்பிடியை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். பொய் என்று ஒப்புக்கொண்டால், அழுத கண்ணெல்லாம் அவரை என்ன செய்யும் என்று தெரியாது.

"தம்பி" என்றார்.

"அதே மொகம்லா இருக்கு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"ரெட்டைப் பிள்ளை."

"சட்டையும் அதேதான் அண்ணாச்சி."

"அண்ணன் சட்டையைத் தம்பி போட மாட்டானா? நீ உங்க அண்ணன் சைக்கிளை ஓட்டல?"

மாடனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் வேறொன்று நியாயமாகப் படவில்லை. அண்ணன் செத்து ஒரு வாரம்தான் ஆகிறது, தம்பிக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு குட்டைப் பாவாடைக்காரியோடு ராக்கெட்டில் போகிறான். தாடி இல்லை. மொட்டை இல்லை. தெரு கொதித்துப்போயிற்று. சின்ன வயசு, விவரம் போதாது என்று தம்பிக்காகப் பேச ஒரு கோஷ்டி கிளம்பிற்று. அவனை ஏசுவதற்கென்றே கீழப்புலியூரிலிருந்து ஒரு கோஷ்டி வந்து சேர்ந்தது. கூட்டம் இரண்டு மடங்காகி, காந்திமதிநாதன் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே நடப்பதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதாயிற்று.

படம் முடிந்ததும் மன்றம் கூடிற்று. பதினாறாம் நாள் காரியம் நடந்தாக வேண்டும். தம்பியை நம்பிப் பிரயோசனம் இல்லை. வந்து செய்கிற தூரத்திலும் அவன் இல்லை. செத்தவனுக்குப் பிள்ளை கிடையாது. யார் மொட்டை போடுவது?

"உசுரு போனது அண்ணாச்சி வீட்டுல" என்றான் மாடன். "அப்போ அண்ணாச்சிதான்."

காந்திமதிநாதன் ஒரு கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மூளையில் ஒரு வெளிச்சம். காரியம் முடித்த துட்டி வீட்டில் ஒரு வருஷத்துக்கு தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, பாட்டு கிடையாது. பாட்டே கிடையாது என்றால் டி.வி. எங்கே வந்தது? ஒரு மொட்டையில் ஒரு வருஷத்துக்குக் கூட்டம் இல்லை. மயிர் மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும்.

"போடுதேன்" என்றார்.

காரியத்தைக் குற்றாலம் ஐந்தருவியில் வைத்தார்கள். அப்போது நல்ல சீசன். சாரல் ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்ற வெளியூர்க்காரர்கள், பெரிய இடத்துச் சாவு போலிருக்கிறது என்று வழிவிட்டார்கள். காந்திமதிநாதனின் தலை பளபளவென்று ஆயிற்று. பிண்டம் உருட்டி வைத்துவிட்டுக் காக்காயைக் கூப்பிட்டார்கள். காக்காய் வரவில்லை. பாறை மேலிருந்து ஒரு குரங்கு வந்து, உட்கார்ந்து, நிதானமாக முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, காந்திமதிநாதனின் புதுத்தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மன்றம் கலங்கிவிட்டது. மாடன்தான் தேற்றினான். ராக்கெட்டில் போனவன் காக்காயாகப் பறந்து வர வேண்டிய அவசியம் இல்லை, ஆசைக்கு ஒரு நாள் தாவி வந்திருப்பான் என்றான். தங்கபுஷ்பம் அந்தக் குரங்கு போன திசையைக் கும்பிட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் காந்திமதிநாதன் வாசல்படியில் நின்றுகொண்டு மரபை எடுத்துச் சொன்னார். இனி ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டில் டி.வி. ஓடாது.

மாடன் கண் கலங்க அதை ஒப்புக்கொண்டான். "நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. துட்டி வீட்டுல டி.வி. ஓடக் கூடாது" என்றான். சொல்லிவிட்டு நாலு பேரைக் கூப்பிட்டு, டி.வி.யை மாலைகளோடு தூக்கி, கூரை மேலிருந்த ஆன்டெனாவையும் பிடுங்கி, சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்விட்டான்.

அவர் பின்னாலேயே ஓடினார். பாதி தூரம் போனதும் நின்றார். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டி.வி. போகிறது. அதோடு கூட்டமும் போகிறதே? ஆட்டுரல் காலி. ஹால் காலி. மங்களேஸ்வரி வேறென்ன கேட்டாள்?

ஒரே ஒரு சிக்கல்தான் மிஞ்சிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடன் சைக்கிளோடு வந்து நின்றான். டி.வி. மட்டும் இருந்து என்ன செய்ய, அண்ணாச்சி வாய் வேண்டாமா என்றான். துட்டி வீட்டுக்காரர் அடுத்த இடத்தில் உட்கார்ந்து பேசுவதற்குத் தடை ஒன்றும் இல்லை என்றும் அவனே சொன்னான். காந்திமதிநாதன் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். போனால் போகிறது, ஒரு மணி நேரம்தானே.

அன்று கதை சொல்லி முடித்த கையோடு, மல்லிகைப்பூவும் ஒரு பொட்டலம் அல்வாவும் வாங்கிக்கொண்டு சுரண்டைக்குப் போனார். பஸ்ஸில் அந்த மொட்டையைப் பார்த்து ஒருவர் எழுந்து உட்கார இடம் கொடுத்தார்.

கதவைத் திறந்தது ஆவுடைநாயகம். மொட்டையைப் பார்த்து இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டு வந்தான். மங்களேஸ்வரி உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆகவே காந்திமதிநாதன் அவளுக்குக் கேட்கிற மாதிரி மச்சினனிடம் எல்லாவற்றையும் சொன்னார். மொட்டை போட்டது, டி.வி.யைக் கொடுத்தது, வீடு கழுவிவிட்ட மாதிரி இருப்பது. இனிமேல் ஒரு ஈ காக்காய் வராது. அவள் காலை நீட்டி ஹாலில் படுக்கலாம்.

ஆவுடைநாயகம் உள்ளே போனான். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தான்.

"அக்கா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னா அத்தான். கதை சொல்லுததை விட்டாச்சா?"

"அதை எப்படி மாப்ள விட முடியும்?" என்றார் காந்திமதிநாதன், அல்வாப் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு. "இன்னைக்குக்கூடச் சொல்லிட்டுத்தான் வாரேன். அத்தனை சனத்துல இந்தி தெரிஞ்சது நான் ஒருத்தன்தானே?"

உள் அறையில் ஒரு பித்தளைப் பாத்திரம் தரையில் விழுந்து வெகுநேரம் உருண்டது. ஆவுடைநாயகம் அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அத்தான், அக்கா இந்தியில விஷாரத் பரீட்சையே பாஸ். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அப்பா சொன்னாவ, நீங்க கேசரியில கவனமா இருந்துட்டிய. கூட்டத்துக்குப் பயந்தா அவ வீட்டை விட்டு வந்தா? நீங்க சொல்லுத கதையைக் கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலன்னுதான் வந்தா."