நாற்பது கோழி எடை மாமனார்

என் மாமனாரைக் கொல்லப் பார்த்தவன் நான். பாசத்தில்தான் செய்தேன் என்றாலும் வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மோகனூர் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்தால், மறுநாளே தண்ணீரில் புரோபயாடிக் பவுடரைக் கலந்துவிடுவோம். குடலுக்கு நல்ல கிருமிகள் திரும்பும், கழிச்சல் நிற்கும். இதைச் செய்து செய்து எனக்கு நானும் ஒரு டாக்டர் என்ற நினைப்பே வந்துவிட்டது (பத்தாம் வகுப்பு அறிவியலில் நான் ஃபெயில்).

சிறுநீரக மாற்று ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகியிருந்த மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சளிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்ததும் அவருக்கு வயிற்றுப்போக்கு.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுப்போடலாமுங்க" என்றாள் மனைவி கவிதா.

"இதுக்கெல்லாமா?" என்று சிரித்துவிட்டுப் பண்ணைக்குப் போனேன். பவுடர் பாக்கெட்டில் அளவு கோழிக்கணக்கில்தான் போட்டிருந்தது. நான் அசரவில்லை. ஒரு கோழி ஒன்றரைக் கிலோ, மாமனார் அறுபது கிலோ. ஆக, மாமனார் என்பவர் நாற்பது கோழி. மோரில் கலக்கிக் கொடுத்தேன்.

"மண்ணு வாசமடிக்குதுங்க மாப்ள."

"நல்ல கிருமிங்க மாமா. ஒரே மூச்சுல குடிங்க."

மறுநாள் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அந்தப் பாக்கெட்டைப் பெருமையாக நீட்டினேன். அவர் அதன் மேலிருந்த கோழிப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது கோழிக்குங்க."

"ஆமாங்க சார். நாப்பது கோழிக்கு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "புதுக் கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்புச்சக்தியை மருந்து குடுத்து அடக்கி வெச்சிருக்கோம். நமக்கு ஒண்ணும் பண்ணாத கிருமிகூட இவரு ரத்தத்துல கலந்தா உசுருக்கே ஆபத்துங்க. மனுசங்களுக்கு விக்கிற புரோபயாடிக்கையே எங்களைக் கேக்காம இவருக்குக் குடுக்கக் கூடாது. நீங்க போயி..." முடிக்காமல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நல்ல கிருமி ஆளைக் கொல்லுமா? அந்தக் கிட்னியைக் கொடுத்ததே என் மாமியார். வார்டு வாசலில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ரத்தத்தில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தபோது, எல்லோர் முன்பும் தேம்பித் தேம்பி அழுதேன். மாமியார்தான் முந்தானையை நீட்டினார்.

இப்போது மாமனாருக்குத் தயிர் வாங்குவதென்றாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்குவதில்லை. தினமும் காலையில் அவருக்குப் போன் போட்டு, "உடம்பு எப்பிடிங்க மாமா?" என்று கேட்கிறேன்.

பதில் என்றைக்கும் ஒன்றுதான்.

"நாப்பதும் நல்லாருக்குதுங்க மாப்ள."